புகைவண்டியில் புகை எங்கே?

சாத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு நாள் காலை மதுரைக்குப் போகும் வண்டியை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன். கட்டுரைப் போட்டி ஒன்றுக்காக எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு புறப்பட்டிருந்தேன். வண்டி வந்தது. தலைக்கு மேல் மின்சாரக் கம்பியைத் தடவிக்கொண்டு, 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு மட்டும் விட்டுவிட்டு, எஞ்சின் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஸார், பாடத்திலே இதைப் புகைவண்டின்னு போட்டிருக்கே, புகை எங்கே ஸார்?"

"ஏறு, ஏறு, வண்டி புறப்பட்டுவிடும்" என்றேன். விடை சொல்ல இயலாத சமயங்களில் உபாத்தியாயர்களுக்கு இம்மாதிரிச் சௌகரியங்கள் சில உண்டு. ஆனால் வண்டி புறப்பட்டு, துலுக்கப்பட்டி தாண்டி, விருதுநகரும் வந்துவிட்டது. பையன் என் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அவன் கேட்டதில் தவறு என்ன? பூனை இல்லாத வீட்டுக்குப் பூனை வீடு என்று பெயர் வைத்துவிட்டு, பூனை எங்கே என்று கேட்ட குழந்தையை அதட்டலாமா?

இந்தப் பாதையில் புகை இருந்த காலம் ஒன்று உண்டு. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் போட்டது 1876-ஆம் ஆண்டில். தென்னிந்திய ரயில்வேக் கம்பெனியார் போட்ட மீட்டர் கேஜ் பாதை. கரிசல் காட்டுப் பருத்தி மூட்டை மூட்டையாகத் துறைமுகத்துக்குப் போயிற்று; துறைமுகத்திலிருந்து சீமைத் துணி திரும்பி வந்தது. அந்தக் கதையை விரித்தால் வேறு கட்டுரையாகிவிடும். வண்டி சாத்தூரில் நின்றவுடன் வெள்ளரிக்காய்க் கூடைகளுடன் பெண்கள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடுவார்கள். கரி வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவன் கண்ணில் கரித்தூள் விழாமல் மணியாச்சி போய்ச் சேர்ந்ததில்லை என்று என் தகப்பனார் கூறுவார். கண்ணைக் கசக்கிக்கொண்டே வெள்ளரிப் பிஞ்சைக் கடிப்பதுதான் அவர் காலத்து ரயில் பிரயாணத்தின் சுகமாம். நான் சிறு பையனாக ஏறிய வண்டிகளில் அந்தச் சுகம் இல்லை. டீசல் வாடைதான் இருந்தது. 1990-களில் பாதை அகலமாயிற்று. பின்னர் மின்சாரக் கம்பியும் வந்தது. வேகம் வந்தது, சுத்தம் வந்தது. யாரும் பழைய கரிக்காக அழ வேண்டியதில்லை. ஆயினும் 'புகைவண்டி' என்ற சொல் மட்டும் பாடப் புத்தகத்தில் தங்கிவிட்டது. அச்சொல்லுக்குரிய பொருளைக் காட்ட என்னால் முடியவில்லை.

அன்று மாலையே பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். புகை விடும் வண்டி நம் தேசத்தில் எங்கே ஓடுகிறதென்று விசாரித்துச் சொல்வது, முடிந்தால் அழைத்துப் போவது என்று. விசாரித்ததில் தெரிந்துகொண்டவற்றையே நேயர்களுக்கு இங்கே கூறுகிறேன்.

முதலில் டில்லியிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே சாணக்கியபுரியில் தேசிய ரயில் காட்சிசாலை 1977-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. காட்சிசாலை என்றால் கண்ணாடிப் பெட்டியும் 'தொடாதே' என்ற பலகையும்தான் நம் நினைவுக்கு வரும். இந்தக் காட்சிசாலையோ தன் பொருள்களில் சிலவற்றை ஓடவிட்டது. பட்டியாலா சமஸ்தானத்தில் 1907-ஆம் ஆண்டு முதல் இருபது வருஷம் ஓடிய ஒற்றைத் தண்டவாள வண்டியின் எஞ்சின் ஒன்றைப் பழுது பார்த்து, காட்சிசாலைத் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டிக் காட்டினார்கள். வண்டியின் பெரும் பாரத்தை ஒரே தண்டவாளம் தாங்கும். சாய்ந்து விழாமல் பக்கத்தில் ஒரு சக்கரம் சாலையில் உருண்டு வரும். நம் ஊர்க் குழந்தைகள் நடைவண்டியில் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு போவது போல இருக்கும்.

அதைவிடப் பெரிய காரியம் 1997-ல் நடந்தது. 'ஃபெயரி குயீன்' என்று ஓர் எஞ்சின். தேவதைகளின் ராணி என்று பொருள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் கிட்ஸன் கம்பெனியார் 1855-ல் கட்டியது. கிழக்கிந்திய ரயில்வேயின் 22-ஆம் எண் எஞ்சின். 1909-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது. பிறகு ஹௌராவில் ஒரு மேடையிலும், 1943 முதல் சந்தௌஸியில் ரயில்வேப் பள்ளி ஒன்றிலும் காட்சிப் பொருளாக நின்றது. கடைசியில் டில்லிக் காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தது. 88 வருஷம் அசையாமல் நின்ற அந்த எஞ்சினை மறுபடி நெருப்பு மூட்டி ஓட்டினார்கள். டில்லியிலிருந்து ஆல்வாருக்கு 143 கிலோமீட்டர். இரண்டு நாள் உல்லாசப் பிரயாணம். சரிஸ்கா வனத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். 1998-ல் கின்னஸ் புத்தகத்தில், உலகத்தில் ஒழுங்காக ஓடும் நீராவி எஞ்சின்களில் மிகப் பழையது என்று அதன் பெயரைப் பதிவு செய்தார்கள். நடுவில் சில வருஷங்கள் நின்றிருந்து, 2017-ல் டில்லி கன்டோன்மென்டிலிருந்து ரேவாரிக்கு மறுபடியும் போயிற்று.

இதில் நமக்கு என்ன பெருமை என்று கேட்பீர்கள். பெருமை பெரம்பூரில் இருக்கிறது. எண்பது வருஷத்துக்கு மேல் துருவேறி நின்ற எஞ்சினுக்கு உயிர் கொடுக்க எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? சென்னைப் பெரம்பூரில் 1856 முதல் நடந்துவரும் ரயில்வேத் தொழிற்சாலைக்குத்தான். பழைய எஞ்சினுக்கு உதிரிப் பாகங்கள் எந்தக் கடையில் கிடைக்கும்? ஒவ்வொன்றையும் அளந்து, வார்த்து, கடைந்து, பொருத்த வேண்டும். அதைச் செய்தவை நம் ஊர்க் கைகள்.

நீராவி எஞ்சின் என்பது ஏதோ இரும்புப் பூதம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அதைப் போல எளிதில் விளங்கும் இயந்திரம் வேறில்லை. பின்புறத்தில் அடுப்பு. அடுப்பின் அனல், தண்ணீர் நிறைந்த பெரிய உருளைக்குள்ளே செல்லும் குழாய்களின் வழியாகப் புகுந்து முன்புறப் புகைபோக்கிக்குப் போகிறது. போகும் வழியில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. ஆவி நெருக்குண்டு, சிலிண்டருக்குள் சென்று உலக்கையைத் தள்ளுகிறது. உலக்கை சக்கரத்தைத் திருப்புகிறது. இதுவரை எல்லாப் பையன்களுக்கும் தெரியும். இனிச் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வேலை செய்து முடித்த ஆவியை வீணாக வெளியே விடுவதில்லை. புகைபோக்கியின் அடியில் மேல்நோக்கிப் பீறிட விடுகிறார்கள். அது போகும் வேகத்தில் அடுப்பின் புகையையும் உடன் இழுத்துக்கொண்டு போகிறது, அதனால் அடுப்புக்குள் புதுக் காற்று பாய்கிறது, நெருப்பு ஓங்குகிறது. 'குப் குப்' என்று நாம் கேட்கும் சத்தம் அதுதான். மேட்டில் ஏறும்போது எஞ்சின் எவ்வளவு கஷ்டப்படுகிறதோ அவ்வளவு பலமாக மூச்சு விடும். எவ்வளவு பலமாக மூச்சு விடுகிறதோ அவ்வளவு நெருப்பு எரியும். தன் அடுப்பைத் தானே ஊதிக்கொள்ளும் சமையற்காரி என்று சொல்லலாம்.

ஃபெயரி குயீனுக்கு நடுவில் ஆறு அடி உயரத்தில் இரண்டு பெரிய சக்கரங்கள். அவைதாம் இழுக்கும் சக்கரங்கள். முன்னே இரண்டு, பின்னே இரண்டு சிறியவை. அவை தாங்குவதோடு சரி. ஓட்டம் மணிக்கு 40 கிலோமீட்டர். நம் ஊர் டவுன் பஸ் அதை முந்திவிடும்.

ஃபெயரி குயீனுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதே லீட்ஸ், அதே கிட்ஸன் கம்பெனி, அதே 1855. எண் 21. இதுவும் 1909-ல் ஓய்வு பெற்று, பீஹாரில் ஜமால்பூர்த் தொழிற்சாலையில் நூறு வருஷம் நின்றது. இதற்கும் பெரம்பூரில்தான் புனர்ஜன்மம். 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு அதை ஓட்டினார்கள். தேதியைக் கவனியுங்கள். கிழக்கிந்திய ரயில்வேயின் முதல் வண்டி ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்குப் புறப்பட்டதும் ஓர் ஆகஸ்டு 15-ந் தேதிதான், 1854-ஆம் வருஷம். சென்னையில் ராயபுரத்திலிருந்து முதல் வண்டி கிளம்பியது 1856-ல். ஆகவே இந்த எஞ்சின் நம் மாகாணத்து ரயிலுக்கே ஒரு வயது மூத்தது. சுதந்திர தினம் போன்ற நாட்களில் எழும்பூரிலிருந்து கோடம்பாக்கத்துக்கு இதை ஓட்டியிருக்கிறார்கள். மூன்றாவது ஸ்டேஷன், கொஞ்ச தூரந்தான். 2019-ல் எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோய், அங்கே துறைமுகம் வரையில் உல்லாச வண்டி விட்டார்கள். அதாவது, இந்தக் கிழவியை எங்கும் அழைத்துப் போகலாம் என்று ஏற்பட்டிருக்கிறது.

இங்கே எனக்கு ஒரு சங்கடம் உண்டாயிற்று. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1857-ல் வடக்கே புரட்சித் தீ மூண்டபோது, கல்கத்தாவிலிருந்து வெள்ளைக்காரத் துருப்புகளை ராணிகஞ்ச் வரையில் ரயிலில்தான் கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்கப்பால் மாட்டு வண்டி. அந்தத் துருப்பு ரயில்களை இழுத்த எஞ்சின்களில் ஃபெயரி குயீனும் ஒன்று என்று சரித்திரக் குறிப்புகள் கூறுகின்றன. ரயில் போட வந்த கம்பெனிகளுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி நிச்சயம் என்று சர்க்கார் வாக்குக் கொடுத்திருந்தது. லாபம் வராவிட்டால் நம் குடியானவன் வரிப்பணம் அந்த வட்டியைக் கட்டியது. எஞ்சின்கள் ஓய்வு பெற்ற அதே 1909-ல்தான் காந்தியடிகள் 'இந்திய சுயராஜ்யம்' என்ற நூலை எழுதினார். இந்த ரயில்கள் இல்லாவிட்டால் ஆங்கிலேயருக்கு நம்மீது இவ்வளவு பிடி ஏற்பட்டிராது என்பது அதில் அவர் கூறும் குற்றச்சாட்டு. அப்படியிருக்க, அந்த எஞ்சினுக்கு எண்ணெய் போட்டு, மாலை சூட்டி, சுதந்திர தினத்தன்று மூவர்ணக் கொடி கட்டி ஓட்டுவதா?

நெடு நேரம் யோசித்தேன். யோசனை எங்கெங்கோ போய்க் கடைசியில் எங்கள் பாதையின் கோடியில், தூத்துக்குடிக் கடற்கரையில் போய் நின்றது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அங்கே சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இனாமாக ஏற்றிக்கொள்கிறேன் என்றது. ஏறுகிறவனுக்குக் குடையும் தருகிறேன் என்றது. 1908-ல் பிள்ளையவர்களைச் சிறையில் தள்ளினார்கள், கம்பெனி அழிந்தது. அந்தக் கப்பல்களில் ஒரு பலகையாவது இன்று நம்மிடம் உண்டா? இல்லை. ஆனால் கோயமுத்தூர்ச் சிறையில் அவர் மாட்டுக்குப் பதில் இழுத்த செக்கு இருக்கிறது. சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்தில் அதைப் பார்க்கலாம். கப்பல் போயிற்று, செக்கு மிஞ்சிற்று. அந்தக் கல் செக்கைப் பார்க்கும் பிள்ளை, யார் இதை இழுத்தார், ஏன் இழுத்தார் என்று கேட்கிறான். கப்பலைப் பற்றிய பேச்சும் அப்போதுதான் தொடங்குகிறது. பொருள் இல்லாத இடத்தில் கேள்வி பிறப்பதில்லை. எஞ்சினும் அப்படித்தான். அது யாருடைய துருப்பை இழுத்தது, யாருடைய பணத்தில் ஓடியது என்பதைக் கேட்பதற்கு அது கண் முன்னால் நிற்க வேண்டும். ஓடினால் இன்னும் விசேஷம். காந்தியடிகள் ரயிலைக் குறை கூறினார். குறை கூறிவிட்டு மூன்றாம் வகுப்பில் ஏறித் தேசம் முழுவதும் சுற்றினார்.

போகட்டும், பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்குக்கு வருகிறேன்.

டில்லி வெகு தூரம். இரண்டு நாள் உல்லாசப் பிரயாணத்தின் கட்டணமோ, வெளிதேசத்து யாத்ரிகர்களை மனத்தில் வைத்து ஏற்பட்டது. சென்னை எஞ்சின் என்றைக்கு ஓடும் என்று நிச்சயமில்லை. அன்றாடம் புகை விட்டுக்கொண்டு மலையேறும் வண்டி நமக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது கவலை எதற்கு? மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்குப் போகும் ரயில்தான் அது. குன்னூர் வரையில் 1899-லும், உதகமண்டலம் வரையில் 1908-லும் திறந்த பாதை. 2005-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் அதை உலகத்தின் பொதுச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. காட்சிசாலைக்கு உரியதென்று உலகமே மதித்த பொருள், தினமும் டிக்கட் கொடுத்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது!

இருபது பிள்ளைகளும் இரண்டு உபாத்தியாயர்களுமாகப் புறப்பட்டோம். எவ்வளவோ முன்கூட்டி முயன்றும் கிடைத்தவை பன்னிரண்டு இடங்கள்தான். வண்டி சிறியது, ஏற ஆசைப்படுவோர் உலகமெங்கும் இருக்கிறார்கள், இதில் யாரைக் குறை சொல்வது? எனக்கு ஒன்று போக, பிள்ளைகளுக்குப் பதினொன்று. மற்ற ஒன்பது பேர் இன்னோர் ஆசிரியருடன் பஸ்ஸில் குன்னூர் வந்து எங்களைச் சந்திப்பதென்று ஏற்பாடு. யார் யார் ரயிலில் போவது? வழிக்காகக் கொண்டுவந்திருந்த சாத்தூர்ச் சேவு டப்பாவைக் காலி செய்து, பெயர்களைச் சீட்டெழுதிப் போட்டுக் குலுக்கினோம். புகை எங்கே என்று கேட்டானே, அந்தப் பையனின் சீட்டு வரவில்லை.

என் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றிற்று. பதினொரு பையன்களைத் துணையில்லாமல் மலையேற்ற முடியாது. தவிர, சீட்டு விழாத மற்ற எட்டுப் பேர் முகத்தையும் நான் பார்க்க வேண்டியிருந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. பஸ் இருக்கும் பக்கம் போய் நின்றுகொண்டான்.

காலை ஏழு மணிக்கு மேல் வண்டி புறப்பட்டது. மற்ற வண்டிகளைப் போல எஞ்சின் முன்னே இல்லை. பின்னே நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. மலையேறும் கிழவனைப் பின்னாலிருந்து பேரன் முட்டுக் கொடுத்துத் தள்ளுவது போல. ஏதாவது அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின் மேல் சாயுமே தவிரப் பள்ளத்துக்கு ஓடிவிடா. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நின்று, பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக முன்னிருந்து பின்னுக்குச் சைகை அனுப்புகிறார். கல்லாறு வரையில் சமதரை. அதன் பிறகு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. எஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம். எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள்; இரண்டு சாதாரணச் சக்கரங்களைத் திருப்பும், மற்ற இரண்டும் பற்சக்கரத்தைத் திருப்பும். அங்கே செலவான ஆவியே இங்கே மறுபடியும் வேலை செய்கிறது. பழைய சோற்றை மறுநாள் காலையில் பயன்படுத்தும் இல்லத்தரசிகளுக்கு இந்தச் சிக்கனத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

46 கிலோமீட்டர் பாதையில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பிள்ளைகள் எண்ணத் தொடங்கி மூன்றாவது குகையிலேயே கணக்கைக் கைவிட்டார்கள். குகைக்குள் நுழைந்ததும் கூச்சல் போடுவது எல்லாப் பெட்டியிலும் நடந்தது. நரைத்த தலைகள் சிலவும் அதில் கலந்துகொண்டதை நான் கண்டேன். ஒரு பக்கம் பாறைச் சுவர். மறு பக்கம் பாதாளம். பாதாளத்தின் அடியில் மரங்களின் உச்சி. வழியில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கிறது. ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடித்தது, நாங்கள் தேநீர் குடித்தோம், குரங்குகள் எங்கள் சேவைத் தின்றன. சம்பாதித்தது ரயில், செலவழித்தது சாத்தூர்.

குளிர் காற்றும், பச்சையும், பஞ்சு போன்ற மேகமும் பற்றி எழுத வேறு பேனாக்கள் இருக்கின்றன. என் கண் எஞ்சின் மேலேயே இருந்தது. இந்த மலைக்குரிய எஞ்சின்கள் 1914 முதல் ஸ்விட்ஸர்லாந்தில் விண்டர்தூர் நகரத்திலிருந்து வந்தவை. அவை தேய்ந்துபோயின. செய்து கொடுத்த கம்பெனியிடம் மறுபடி கேட்கும் காலம் போய்விட்டது. அப்போது திருச்சிராப்பள்ளிப் பொன்மலைத் தொழிற்சாலையார், 'நாங்களே செய்கிறோம்' என்று கிளம்பினார்கள். 1928-ல் தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி தன் வண்டிகளைப் பழுது பார்க்கத் திறந்த இடம் அது. அங்கே 2011 முதல் எண்ணெயில் எரியும் நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டினார்கள். 2021-ல் நிலக்கரியில் எரியும் எஞ்சினையும் கட்டி முடித்து மலைக்கு அனுப்பினார்கள். இருபத்தோராம் நூற்றாண்டில் புத்தம் புதிய நீராவி எஞ்சின்! உலகமெல்லாம் கைவிட்ட வித்தையைப் பொன்மலை கைவிடவில்லை. சுதேசிக் கப்பலுக்கு எஞ்சினை வெளிதேசத்திலிருந்து வாங்க வேண்டியிருந்த தேசம் இது என்பதை நினைத்தால், எனக்கு ஃபெயரி குயீனின் கின்னஸ் புகழைவிடப் பொன்மலைக் கொல்லுலைதான் பெரிதாகத் தோன்றுகிறது.

இந்த உல்லாச வண்டிகளின் உண்மையான விஷயமும் இதுவேதான். மேடையில் நிற்கும் எஞ்சினுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ணம் பூசினால் போதும். ஓடும் எஞ்சினுக்கோ, கொதிகலத்தைச் சோதிப்பவன் வேண்டும், குழாய் மாற்றத் தெரிந்தவன் வேண்டும், நெருப்பின் நிறத்தைப் பார்த்தே ஆவியின் நெருக்கத்தை ஊகிப்பவன் வேண்டும். அந்த ஊகம் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கப்படவில்லை. பழையவர் கையிலிருந்து புதியவர் கைக்குப் போகிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றது.

வேல்ஸ் தேசத்தில் டாலிலின் என்று ஒரு சின்ன ரயில் உண்டு. கற்பலகைச் சுரங்கத்துக்காக ஏற்பட்டது. சுரங்கம் மூடியது, ரயிலும் மூடவிருந்தது. 1951-ல் ஜனங்களே ஒரு சங்கம் சேர்த்து, சம்பளமில்லாமல் வேலை செய்து, அதை ஓட்டத் தொடங்கினார்கள். உலகத்தில் இம்மாதிரித் தொண்டர்கள் காப்பாற்றி நடத்திய முதல் ரயில் அதுதான். வாத்தியார், பாதிரியார், கடைக்காரர் எல்லாரும் விடுமுறை நாளில் போய் மண்வெட்டி பிடிப்பார்களாம். நம் வீட்டுக் குழந்தைகள் படக்காட்சியில் பார்க்கும் 'தாமஸ்' எஞ்சின் கதைகளை எழுதிய ஆட்ரி பாதிரியாரும் அந்தத் தொண்டர்களில் ஒருவர். நம் தேசத்தில் ரயில் சர்க்காருடையது. ஆகையால் தொண்டர் சங்கம் அப்படியே நடக்காது என்று சொல்வார்கள். நடக்காமல் போகட்டும். ஒன்றை மட்டும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

பெரம்பூர் எஞ்சின் எர்ணாகுளம் போயிருக்கிறது. அதைத் தூத்துக்குடிக்கும் அழைத்து வரலாம். வாஞ்சி மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர், கரிசல் பூமி, பெரிய ஏற்றம் கிடையாது. கிழவிக்கு ஏற்ற நடை. நாள், செப்டம்பர் 5. வ. உ. சி. பிறந்த தினம், ஆசிரியர் தினமும் அதுவே என்பதால் எனக்குச் சுயநலமும் கொஞ்சம் உண்டு. 1911-ல் ஆஷ் துரையின் கதை முடிந்த மணியாச்சி ஸ்டேஷனில் தொடங்கி, சுதேசிக் கப்பல் நின்ற துறையில் முடியும் பாதை அது. சரித்திர பாடம் சொல்ல அதைவிட நல்ல வகுப்பறை ஏது? மின்சாரக் கம்பிக்கு அடியில் புகைவண்டி போகுமா என்று சந்தேகம் வேண்டாம். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கத்துக்குப் போனதும் மின்சாரக் கம்பிக்கு அடியில்தான். டிக்கட் விலையை என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், பணமுள்ளவர்கள் கொடுப்பார்கள். வண்டியில் பாதி இடத்தை மட்டும் கரிசல் காட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு விட வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் தாய் தகப்பன்மார் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கூலிக்குப் போகிறவர்கள். நெருப்பைக் கண்டு விலகி நிற்கத்தான் அந்த வீடுகளில் கற்றுக்கொடுக்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. நெருப்பை அடக்கி வண்டியில் பூட்டலாம் என்பதையும் அவர்கள் ஒரு தடவை பார்க்கட்டுமே.

மேட்டுப்பாளையத்தில் விட்ட கதையை முடித்துவிடுகிறேன். பத்தரை மணி சுமாருக்கு வண்டி குன்னூர் சேர்ந்தது. பஸ் பிள்ளைகள் எங்களுக்கு வெகு நேரம் முன்பே வந்து காத்திருந்தார்கள். ரயில் பிள்ளைகள் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். குகை, குரங்கு, கொடி. பஸ் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தப் பையனை மட்டும் காணவில்லை.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு, மேலே உதகமண்டலம் போக டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். கழற்றிய எஞ்சின் கொஞ்ச தூரம் தள்ளி நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பையன் அங்கே இருந்தான். கழிவுப் பஞ்சால் கையைத் துடைத்துக்கொண்டு பயர்மேன் ஒருவர் கீழே நின்று அவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அவனைத் தூக்கி எஞ்சின் படியில் நிறுத்தி, அடுப்புக் கதவைத் திறந்து காட்டினார். பையன் முகம் சிவந்து தெரிந்தது.

இறங்கி வந்ததும் என்னிடம், "ஸார், இது கரியிலே எரியல்லை, எண்ணெயிலே எரியுதாம். கரி எஞ்சினும் ஒண்ணு இருக்காம். அது என்னிக்கு ஓடுதோ அன்னிக்கு வரணும் ஸார்" என்றான்.

படியைப் பிடித்திருந்த அவன் வலது கை முழுவதும் எண்ணெய்க் கறை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது எல்லாரும் கை கழுவப் போனார்கள். அவன் போகவில்லை, ஓட்டல்காரரிடம் ஒரு கரண்டி வாங்கி இடது கையால் சாப்பிட்டான். மறுநாள் காலை சாத்தூர் ஸ்டேஷனில் இறங்கும்போதும் அந்தக் கையை மூடியபடியே வைத்திருந்தான்.